கிரெடிட் கார்டில் வாங்கிய செகண்ட் ஹேண்ட் கார் பழுதா? பணம் திரும்ப வருமா?



"செகண்ட் ஹேண்ட் கார் வாங்கும்போது கிரெடிட் கார்டுல ஸ்வைப் பண்ணிடுங்க. வண்டியில ஏதாவது பிரச்சனைன்னா பேங்க் பணத்தைத் திருப்பிக் கொடுத்துடும்."

இந்த அட்வைஸை ஆபீஸ் கேன்டீன்லயோ ஏதாவது ஒரு ரீல்ஸ்லயோ நீங்களும் கேட்டிருப்பீங்க. இதுல பாதி உண்மை இருக்கு. மிச்சப் பாதியை நம்பி இறங்கினா, பழுதான வண்டியும் கையில நிற்கும், கார்டு பில்லும் வட்டியோட ஏறும்.

அதனால இந்தப் பதிவுல மூணு விஷயத்தைத் தெளிவாப் பார்த்துடலாம். பழுதான பழைய காரை விற்ற டீலர் மேல உங்களுக்கு என்ன உரிமை இருக்கு, கிரெடிட் கார்டு அதுல எந்த அளவுக்கு உதவும், எந்த வேலையை எந்த நாளுக்குள்ள செய்யணும்.

இந்த அட்வைஸ் எங்கிருந்து வந்தது?

இது பிரிட்டன்ல முழுக்க உண்மை. அங்கே 1974-ஆம் வருட நுகர்வோர் கடன் சட்டத்தில் 75-ஆவது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. பொருளோட விலை 100 பவுண்டுக்கு மேல, 30,000 பவுண்டுக்கு மிகாம இருந்து, அதை கிரெடிட் கார்டுல வாங்கியிருந்தா, விற்றவர் செய்த தப்புக்கு கார்டு கொடுத்த வங்கியும் சேர்ந்தே பொறுப்பு. அட்வான்ஸை மட்டும் கார்டுல கட்டி, மீதியை வேற வழியில கொடுத்திருந்தாலும் முழு நஷ்டத்துக்கும் வங்கியைக் கேட்கலாம். அதோட, அங்கே 2015-ல் வந்த நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, டீலர்கிட்ட வாங்கின பழைய காரிலும் குறை இருந்தா முதல் 30 நாளுக்குள்ள வண்டியைத் திருப்பிக் கொடுத்துட்டு முழுப் பணத்தையும் கேட்கலாம்.

அங்கே வேலை பார்க்கிற நம்ம ஆட்கள் சொல்றதும், அங்கே எடுத்த வீடியோக்கள் சொல்றதும் இதைத்தான். அவங்க ஊருக்கு அது சரி.

ஆனா இந்தியாவில் 75-ஆவது பிரிவு மாதிரி ஒரு சட்டம் கிடையாது. டீலர் ஏமாத்தினா வங்கியும் சேர்ந்து பொறுப்பேற்கணும்னு இங்கே எந்த விதியும் இல்லை.

அப்போ இங்கே என்னதான் இருக்கு? ரெண்டு தனித்தனி வழி இருக்கு. இந்த ரெண்டையும் குழப்பிக்கிறதுலதான் நிறைய பேர் பணத்தை விடுறாங்க.

1. டீலர் மேல உங்களுக்கு இருக்கும் உரிமை. இது சட்டம் கொடுக்கிறது. முழு விலைக்கும் பொருந்தும்.

2. கார்டு வழியா கிடைக்கும் சார்ஜ்பேக். இது விசா, மாஸ்டர்கார்டு மாதிரி நெட்வொர்க்குகளோட விதி. கார்டுல போன தொகைக்கு மட்டும்தான்.

ஒவ்வொண்ணா பார்க்கலாம் வாங்க.

வழி 1: டீலர் மேல் உள்ள உரிமை

2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பழைய பொருள், புதுப் பொருள்னு பிரிவினை இல்லை. காசு கொடுத்து, சொந்த உபயோகத்துக்கு வாங்கினா நீங்க நுகர்வோர். செகண்ட் ஹேண்ட் கார் வாங்கினவரும் அப்படித்தான்.

அந்தச் சட்டத்துல 'குறைபாடு'ங்கிற வார்த்தைக்குக் கொடுத்திருக்கிற விளக்கத்தைக் கவனிங்க. சட்டப்படியோ ஒப்பந்தப்படியோ இருக்க வேண்டிய தரம் இல்லாதது குறைபாடு. அதோட, விற்பவர் எந்த விதத்துலயாவது சொன்ன தரம் இல்லைன்னாலும் குறைபாடுதான். 'எந்த விதத்திலாவது' என்பதுல விளம்பரம், பில், வாட்ஸ்அப் மெசேஜ் எல்லாமே வந்துடும்.

இன்னொரு முக்கியமான பிரிவு 2(47). நியாயமற்ற வணிக நடைமுறைகளோட பட்டியல் இதுலதான் இருக்கு. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கிட்டு பணத்தைக் கொடுக்க மறுக்கிறதும் அந்தப் பட்டியல்ல வருது. பில்லுல ஒரு கெடு போட்டிருந்தா அதுக்குள்ள, போடலைன்னா 30 நாளுக்குள்ள கொடுக்கணும். டீலர் ஷோரூம் சுவத்துல "விற்ற வண்டி திரும்பப் பெறப்படமாட்டாது"ன்னு போர்டு மாட்டியிருந்தா இதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

ஆனா எல்லாப் பழுதும் 'குறைபாடு' ஆகாது. எட்டு வருஷம் ஓடின வண்டியில கிளட்ச் பிளேட் தேய்ஞ்சிருக்கும், பேட்டரி மாத்த வேண்டியிருக்கும், டயர் வழவழன்னு இருக்கும். இதெல்லாம் வயசான வண்டியோட இயல்பு. 1930-ஆம் வருட சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-ஆவது பிரிவும், நீங்க பார்த்து வாங்கின பொருள்ல, பார்த்திருந்தா தெரிஞ்சிருக்க வேண்டிய குறையைப் பிறகு காரணமாச் சொல்ல முடியாதுன்னு சொல்லுது. டயர் தேய்மானம் கண்ணுக்குத் தெரியும். மீட்டரைத் திருப்பி வெச்சது, வெள்ளத்துல முங்கின வண்டி, பெரிய ஆக்சிடென்ட்டை மறைச்சு பெயின்ட் அடிச்சது, இதெல்லாம் சாதாரணமாப் பார்த்தா தெரியாது. உங்க கேஸ் எந்தப் பக்கம் விழுதுன்னு முதல்ல நேர்மையா யோசிங்க.

"இருக்கிறபடியே விற்கப்படுகிறது"ன்னு பில்லுல எழுதி கையெழுத்து வாங்கிட்டா? இது கொஞ்சம் சிக்கல்தான். அந்தச் சட்டத்தோட 62-ஆவது பிரிவுப்படி, இயல்பா வர்ற உத்தரவாதங்களை ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டு நீக்கிக்கலாம். ஆனா பொய் சொல்லி விற்றதை அந்த வரி காப்பாத்தாது. மோசடி செஞ்சு ஒப்பந்தத்துக்குச் சம்மதம் வாங்கியிருந்தா, 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டப்படி அதை ரத்து செய்யும் உரிமை ஏமாந்தவருக்கு இருக்கு.

யார்கிட்ட வாங்கினீங்க என்பதும் முக்கியம். பக்கத்து வீட்டுக்காரர் தன்னோட சொந்தக் காரை உங்களுக்கு வித்தா, அவர் வியாபாரி கிடையாது. அங்கே நுகர்வோர் ஆணையம் பொதுவா உதவாது, சிவில் கோர்ட்தான். டீலர்கிட்ட வாங்கினா கதையே வேற.

அதனாலதான் பல டீலர்கள் பிரச்சனை வந்த உடனே "நாங்க வெறும் புரோக்கர் சார், ஓனர்கிட்ட பேசிக்கோங்க"ன்னு நழுவுவாங்க. இதுக்கு ஒரு கடிவாளம் இருக்கு. 2023 ஏப்ரல் 1 முதல், பதிவான பழைய வண்டிகளை வாங்கி விற்கிற டீலர்கள் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்றிதழ் வாங்கணும். அதுக்குப் படிவம் 29பி-ன்னு பேர். வண்டியோட ஓனர் டீலர்கிட்ட வண்டியை ஒப்படைக்கும்போது படிவம் 29சி மூலமா தெரிவிக்கணும். அதுக்கப்புறம் அந்த வண்டிக்கு டீலரே ஓனராகக் கருதப்படுவார். வாங்குறதுக்கு முன்னாடியே "29பி இருக்கா?"ன்னு கேட்டுடுங்க. பில்லும் டீலர் பேர்லயே வாங்குங்க.

வழி 2: கார்டு வழியாக சார்ஜ்பேக்

சார்ஜ்பேக்னா என்ன? நீங்க உங்க வங்கியில புகார் பண்றீங்க. உங்க வங்கி, விசா அல்லது மாஸ்டர்கார்டு வழியா டீலரோட வங்கிகிட்ட அந்தப் பணத்தைத் திரும்பக் கேட்கும். டீலர் தன் பக்கத்து ஆதாரத்தைக் கொடுத்து எதிர்க்கலாம். ரெண்டு வங்கிக்கும் ஒத்துப்போகலைன்னா நெட்வொர்க்தான் முடிவு சொல்லும்.

'சொன்ன மாதிரி இல்லை, அல்லது குறையுள்ள பொருள்' என்பது இதுக்கு ஏத்துக்கப்பட்ட காரணங்கள்ல ஒண்ணு. ஆனா சில நிபந்தனைகள் இருக்கு.

முதல்ல, காலக்கெடு. இந்தக் காரணத்துக்கு பொதுவா 120 நாள். பொருள் கைக்கு வந்த தேதியிலிருந்தோ, பணம் போன தேதியிலிருந்தோ கணக்கு. இது வங்கி தன் வேலையை முடிக்க வேண்டிய கெடு. 119-ஆவது நாள் நீங்க மெயில் போட்டா ஒண்ணும் நடக்காது. பழுது தெரிஞ்ச முதல் வாரத்திலேயே வங்கிக்குப் போயிடணும்.

ரெண்டாவது, நீங்க டீலர்கிட்ட பேசித் தீர்க்க முயற்சி பண்ணியிருக்கணும். வாயால பேசினது கணக்குல வராது, எழுத்துல வேணும்.

மூணாவது, பொருளைத் திருப்பிக் கொடுத்திருக்கணும், அல்லது கொடுக்க முயற்சி செஞ்சிருக்கணும். "வண்டியும் என்கிட்ட இருக்கட்டும், பணமும் வேணும்"னா சார்ஜ்பேக் நிற்காது. நிறைய பேர் தோற்கிறது இந்த இடத்துலதான்.

நாலாவது, கார்டு ஸ்டேட்மென்ட்ல யார் பேர் வருதுன்னு பாருங்க. டீலர் பேர் வந்தா நல்லது. வாடகை கட்டுற ஆப் மாதிரி ஒண்ணு வழியா கார்டுல இருந்து ஒரு தனிநபர் அக்கவுன்ட்டுக்கு அனுப்பியிருந்தா, நெட்வொர்க் கணக்குல வியாபாரி அந்த ஆப்தான். பணத்தை அனுப்புற தன்னோட வேலையை அது சரியாத்தான் செஞ்சிருக்கு. வண்டி பழுதுங்கிறது அதோட பிரச்சனையே இல்லை.

ஒரு உதாரணத்தோட பார்க்கலாம்

ஒரு ஹேட்ச்பேக் காரை 4,80,000 ரூபாய்க்கு நீங்க வாங்குறீங்கன்னு வெச்சுக்குவோம்.

டோக்கன் அட்வான்ஸ், கிரெடிட் கார்டுல: 50,000
யுபிஐ-ல: 80,000
கார் லோன்: 3,50,000

டீலர் வாட்ஸ்அப்ல "ஜெனுயின் 58,000 கிலோமீட்டர் சார்"னு அனுப்பியிருக்கார். வாங்கின 12-ஆவது நாள் கியர் பாக்ஸ்ல சத்தம். ஆத்தரைஸ்டு சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போனா, போன வருஷ சர்வீஸ் ரெக்கார்டுலயே 92,000 கிலோமீட்டர்னு இருக்கு. மீட்டரைத் திருப்பி வெச்சிருக்காங்க.

இதுல சார்ஜ்பேக் வழியா நீங்க கேட்கக்கூடியது எவ்வளவு? 50,000 மட்டும்தான். யுபிஐ-ல போன 80,000-க்கும், லோன்ல போன 3,50,000-க்கும் இந்தக் கார்டு சார்ஜ்பேக் பொருந்தாது. அந்த 4,30,000-ஐ டீலர்கிட்ட இருந்துதான் வாங்கணும், அதாவது முதல் வழியில.

கார் லோன் கொடுத்த வங்கியும் "வண்டி பழுது, அதனால இஎம்ஐ கட்டமாட்டேன்"னு சொன்னா ஒத்துக்காது. கடன் ஒப்பந்தம் தனி, கார் விற்பனை தனி. இஎம்ஐ நின்னா உங்க சிபில் ஸ்கோர்தான் அடிவாங்கும்.

இப்போ புரியுதா? கார்டுல கட்டினதால உங்க உரிமை கூடலை. பணத்துல ஒரு சின்னப் பகுதியைச் சீக்கிரமா திரும்பக் கேட்க ஒரு கருவி கிடைச்சிருக்கு, அவ்வளவுதான். ஆனா அந்தக் கருவியைச் சாதாரணமா நினைக்காதீங்க. சார்ஜ்பேக் விழுந்தா டீலர் தன்னோட வங்கிக்கு எழுத்துல பதில் சொல்லணும். போனையே எடுக்காத டீலரும் அப்போ பேச வருவார்.

பில்லைக் கட்டாம விட்டுடாதீங்க

"டிஸ்பியூட் போட்டாச்சு, இனி அந்த 50,000-ஐ எதுக்குக் கட்டணும்?"னு தோணும். வங்கி அந்தத் தொகையைத் தற்காலிகமா உங்க கணக்குல வரவு வெச்சிருந்தா சரி. அது எழுத்துல உறுதியாகாத வரை கட்டிடுங்க.

கணக்கு இதுதான். மாச வட்டி 3.5%-னா வருஷத்துக்கு 42%. 50,000-க்கு ஒரு மாச வட்டி 1,750. அந்த வட்டிக்கு 18% ஜிஎஸ்டி 315. ஆக மாசம் 2,065 ரூபாய், லேட் ஃபீ தனி. நாலு மாசம் இழுத்தா எட்டாயிரத்தைத் தாண்டிடும். அது மட்டுமில்ல, பில்லை முழுசா கட்டலைன்னா மளிகை, பெட்ரோல்னு நீங்க புதுசா பண்ற செலவுக்கும் வட்டியில்லா நாட்கள் போயிடும்.

தற்காலிக வரவு வந்தாலும் அதை எடுத்துச் செலவு பண்ணிடாதீங்க. டீலர் ஜெயிச்சா வங்கி அதைத் திரும்ப எடுத்துக்கும்.

அந்த 50,000-ஐ இஎம்ஐ-யா மாத்தியிருந்தா இன்னொரு வேலையும் இருக்கு. சார்ஜ்பேக் பணம் வந்ததும் இஎம்ஐ தானா மூடிடும்னு நம்பி இருக்காதீங்க. மூடச் சொல்லி வங்கிக்குத் தனியா எழுதிக் கேளுங்க.

பழுது தெரிஞ்சதும் என்ன செய்யணும்?

முதல் நாள்: வண்டி ஓட்டுறதை நிறுத்துங்க. மீட்டர், பழுது ரெண்டையும் தேதி தெரியுற மாதிரி வீடியோ எடுங்க. ஓட்டிக்கிட்டே இருந்தா "நீங்க ஓட்டின விதத்துலதான் போச்சு"ன்னு டீலர் சொல்லுவார்.

இரண்டாம் நாள்: ஆத்தரைஸ்டு சர்வீஸ் சென்டர்ல காட்டி, என்ன பழுது, எவ்வளவு நாளா இருந்திருக்கலாம், சரி பண்ண எவ்வளவு ஆகும்னு எழுத்துல ரிப்போர்ட் வாங்குங்க. சர்வீஸ் ஹிஸ்டரியும் கேளுங்க. முக்கியமா, ரிப்போர்ட் வாங்குறதுக்கு முன்னாடி ரிப்பேர் பண்ணிடாதீங்க. பழைய பார்ட்டைக் கழட்டிப் போட்டுட்டா ஆதாரமே போயிடும்.

மூன்றாம் நாள்: டீலருக்கு இ-மெயில், ஸ்பீடு போஸ்ட் ரெண்டுலயும் எழுதுங்க. பெரிய இலக்கியம் வேண்டாம். இந்த அளவு போதும்:

"____ தேதியில் உங்களிடம் ____ பதிவு எண் கொண்ட காரை ரூ. ____ கொடுத்து வாங்கினேன். வண்டி 58,000 கி.மீ. மட்டுமே ஓடியது என்று ____ தேதியில் வாட்ஸ்அப்பில் தெரிவித்தீர்கள். சர்வீஸ் பதிவின்படி கடந்த ஆண்டே அது 92,000 கி.மீ. ஓடியிருக்கிறது. கியர் பாக்ஸிலும் பழுது உள்ளது. சர்வீஸ் சென்டர் அறிக்கை இணைக்கப்பட்டுள்ளது. வண்டியைத் திரும்ப ஒப்படைக்கத் தயாராக இருக்கிறேன். நான் கொடுத்த முழுத் தொகையையும் 7 நாட்களுக்குள் திருப்பித் தரவும்."

'திரும்ப ஒப்படைக்கத் தயார்' என்ற வரியை மறக்காதீங்க. சார்ஜ்பேக்குக்கும் அது வேணும், நுகர்வோர் ஆணையத்துக்கும் அது வேணும்.

அதே வாரத்தில்: வங்கியில டிஸ்பியூட் படிவம் கொடுத்து புகார் எண் வாங்குங்க. காரணம் எழுதும்போது 'மோசடிப் பரிவர்த்தனை'ன்னு போடாதீங்க. கார்டை ஸ்வைப் பண்ணினது நீங்கதான், பின் நம்பர் போட்டதும் நீங்கதான். 'சொன்ன மாதிரி இல்லாத, குறையுள்ள பொருள்'னு போடுங்க. காரணம் தப்பா இருந்தா அங்கேயே நிராகரிச்சுடுவாங்க. பில், வாட்ஸ்அப் சாட், ரிப்போர்ட், டீலருக்கு எழுதின கடிதம் நாலையும் இணைச்சுடுங்க.

கூடவே: 1915-க்கு போன் பண்ணுங்க. தேசிய நுகர்வோர் உதவி எண் அது. கேஸ் போடுறதுக்கு முன்னாடி சமரசத்துக்கு முயற்சி பண்ணுவாங்க, கட்டணம் கிடையாது.

டீலர் "சரி, வண்டியை விட்டுட்டுப் போங்க, பார்க்கலாம்"னு சொன்னா? சாவியைச் சும்மா கொடுத்துட்டு வந்துடாதீங்க. தேதி, நேரம், மீட்டர் ரீடிங் போட்டு, வண்டியைப் பெற்றுக்கொண்டதாக டீலரோட சீல், கையெழுத்து வாங்குங்க. ஆர்சி உங்க பேருக்கு மாறியிருந்தா இது இன்னும் முக்கியம். வண்டியை வேற ஒருத்தர் கையில கொடுத்துட்டாலும், பதிவுல பேர் இருக்கிறவர்தான் விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்புன்னு 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. பணம் கைக்கு வர்றப்போ ஆர்சி-யையும் உங்க பேர்ல இருந்து மாத்த வெச்சுடுங்க.

வங்கி கண்டுக்கலைன்னா?

கார்டு பில்லுல ஒரு தொகையை நீங்க எதிர்த்தா, வங்கி 30 நாளுக்குள்ள விளக்கமும், தேவையான ஆவணமும் கொடுக்கணும்னு ரிசர்வ் வங்கி விதி சொல்லுது. 30 நாள் ஆகியும் பதில் இல்லைன்னாலோ, பதில் திருப்தி இல்லைன்னாலோ, ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளருக்குப் போகலாம். சிஎம்எஸ் போர்ட்டல்ல ஆன்லைன்லயே புகார் பண்ணலாம், கட்டணம் இல்லை. விவரம் கேட்க 14448.

ஒண்ணு மட்டும் தெளிவா இருங்க. குறைதீர்ப்பாளர் உங்க கார் நல்ல காரா கெட்ட காரான்னு தீர்ப்பு சொல்லமாட்டார். வங்கி தன் வேலையைச் சரியா செஞ்சுதாங்கிறதை மட்டும்தான் பார்ப்பார். டிஸ்பியூட்டையே பதிவு பண்ணலை, கெடுவைத் தவறவிட்டாங்க, பதிலே தரலை, இப்படிப்பட்ட புகார்களுக்குத்தான் அது சரியான இடம். கார் பிரச்சனைக்கான இடம் அடுத்தது.

நுகர்வோர் ஆணையம்: பயப்பட ஒண்ணுமில்லை

"கோர்ட்டு கேஸுன்னு யார் அலையிறது?"ன்னு நினைக்கிறவங்களுக்காக நாலு தகவல்.

எங்கே போடலாம்? டீலர் கோயம்புத்தூர்ல இருந்து நீங்க சென்னையில குடியிருந்தா, சென்னையிலேயே போடலாம். நீங்க குடியிருக்கும் இடத்திலோ வேலை செய்யும் இடத்திலோ போடுற வசதியை 2019 சட்டம்தான் கொண்டுவந்தது.

கட்டணம் எவ்வளவு? கொடுத்த விலை 5 லட்சம் வரைன்னா கட்டணமே இல்லை. 5 முதல் 10 லட்சம்னா 200 ரூபாய். 10 முதல் 20 லட்சம்னா 400. 50 லட்சம் வரை மாவட்ட ஆணையத்திலேயே முடியும். நம்ம உதாரணத்துல 4,80,000, அதனால கட்டணம் பூஜ்யம்.

வக்கீல் கட்டாயமா? இல்லை, நீங்களே வாதாடலாம். ஆன்லைன்லயும் தாக்கல் பண்ணலாம்.

காலக்கெடு? பிரச்சனை எழுந்ததிலிருந்து 2 வருஷம். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போனதிலிருந்து 3 மாசத்துல, பொருளைச் சோதிக்கணும்னா 5 மாசத்துல முடிக்கணும்னு சட்டம் சொல்லுது. நடைமுறையில அதைவிட இழுக்கும், மனசைத் தயார் பண்ணிக்கோங்க.

ஆணையம் குறையைச் சரி பண்ணித் தரச் சொல்லலாம், பணத்தைத் திருப்பித் தரச் சொல்லலாம், நஷ்டஈடும் கொடுக்கச் சொல்லலாம். சார்ஜ்பேக்ல 50,000 ஏற்கெனவே வந்திருந்தா அதை மனுவுல சொல்லிட்டு மீதி 4,30,000-ஐ மட்டும் கேளுங்க. மறைச்சா உங்க நம்பகத்தன்மை போயிடும்.

வாட்ஸ்அப் சாட்டை ஆதாரமா கொடுக்க 2023-ஆம் வருட சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவுப்படி ஒரு சான்றிதழ் இணைக்கணும். அதுவரை அந்த சாட்டை டெலிட் பண்ணாதீங்க, 'டிஸப்பியரிங் மெசேஜ்' ஆன்ல இருந்தா உடனே ஆஃப் பண்ணுங்க.

"பில் இல்லாம வாங்கிக்கோங்க, ஜிஎஸ்டி மிச்சம்"

ஒரு ஆடிட்டரா இதைச் சொல்லாம விடமுடியாது. டீலர் கணக்கு இப்படிப் போடுவார்: "4,80,000-க்கு 18% ஜிஎஸ்டி 86,400 சார். பில் வேண்டாம்னா அது மிச்சம்."

இது தப்பான கணக்கு. பழைய வண்டிக்கு டீலர் கட்டவேண்டிய ஜிஎஸ்டி முழு விலைக்குக் கிடையாது, அவரோட லாபத்துக்கு மட்டும்தான். 2025 ஜனவரி 16 முதல் எல்லாப் பழைய கார்களுக்கும் இந்த வரி 18%. டீலர் அந்த வண்டியை 4,20,000-க்கு எடுத்து 4,80,000-க்கு வித்தா, லாபம் 60,000. அதுக்கு 18% என்றால் 10,800 ரூபாய். 86,400 எங்கே, 10,800 எங்கே?

அந்தப் பத்தாயிரத்துக்காக பில்லை விட்டுக்கொடுத்தா, "நான் விற்கவே இல்லை, புரோக்கர்தான்"னு சொல்ல டீலருக்கு நீங்களே வழிவிட்ட மாதிரி. அதே மாதிரி, ஒரு விற்பனைக்கு 2 லட்சமோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்க வருமான வரிச் சட்டம் அனுமதிக்கிறதில்லை. ரொக்கத்துக்கு ரசீதும் தராம இழுக்கிற டீலர்னா கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க.

வாங்கும் முன் செக்லிஸ்ட்

1. எம்பரிவாகன் ஆப்ல பதிவு எண்ணைப் போட்டு ஓனர் விவரம், எத்தனையாவது ஓனர், இன்ஷூரன்ஸ், லோன் பாக்கி எல்லாம் பாருங்க.

2. சர்வீஸ் ஹிஸ்டரியைக் கேளுங்க. ஒவ்வொரு சர்வீஸிலும் கிலோமீட்டர் ஏறுமுகமா இருக்கணும். "அதெல்லாம் இல்லை சார்"னா விலையை யோசிங்க, வண்டியையும் யோசிங்க.

3. சென்னை வண்டியா இருந்தா வெள்ளத்துல நின்னதான்னு பாருங்க. 2015 டிசம்பர், 2023 டிசம்பர் வெள்ளங்கள்ல எத்தனையோ கார்கள் முங்கின ஊர் இது. சீட் பெல்ட்டை முழுசா வெளியே இழுத்துப் பார்த்தா சேறு படிஞ்ச கறை தெரியும். சீட்டுக்கு அடியில இருக்கிற கம்பியில துரு, கார்பெட் அடியில ஈர வாடை, இதையும் பாருங்க.

4. உங்களுக்குத் தெரிஞ்ச மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போங்க. ரெண்டாயிரம் ரூபாய் கொடுத்தாலும் லாபம்தான்.

5. டீலர் வாயால சொன்ன எல்லாத்தையும் வாட்ஸ்அப்ல திருப்பிக் கேளுங்க: "சார், 58,000 கிலோமீட்டர், ஆக்சிடென்ட் இல்லை, ஃப்ளட் இல்லைன்னு சொன்னீங்க, கரெக்ட்தானே?" அவர் போடுற அந்த ஒரு "எஸ் சார்" பின்னாடி லட்ச ரூபாய் மதிப்புள்ள ஆதாரம்.

6. கார்டுல கட்டுறதா இருந்தா டீலர் பேர்ல இருக்கிற மெஷின்லயே ஸ்வைப் பண்ணுங்க. அடுத்த பில் தேதிக்குள்ள முழுசா அடைக்க முடியும்கிற தொகையை மட்டும் போடுங்க. சார்ஜ்பேக் பாதுகாப்புக்காக லட்சக்கணக்குல கார்டுல ஏத்தி 42% வட்டி கட்டுறது புத்திசாலித்தனம் இல்லை. டீலர் கார்டுக்குத் தனியா 2% கேட்டா அதையும் விலையோட சேர்த்துக் கணக்குப் போடுங்க.

7. டெலிவரி நோட்ல "முழுமையாகப் பரிசோதித்து திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்"னு அச்சடிச்சிருந்தா, அப்படியே கையெழுத்துப் போடாதீங்க. "வெளித்தோற்றம் மட்டும் பார்த்தேன்"னு பேனாவுல எழுதி, அதுக்குக் கீழே போடுங்க. சார்ஜ்பேக்ல டீலர் முதல்ல நீட்டுற பேப்பர் அதுவாத்தான் இருக்கும்.

ஏற்கெனவே வாங்கி மாட்டிக்கிட்டவங்க இன்னைக்கே ஒரு காரியம் பண்ணுங்க. வண்டி டெலிவரி எடுத்த தேதியைப் பார்த்து, அதிலிருந்து 120 நாள் எப்போ முடியுது, 2 வருஷம் எப்போ முடியுதுன்னு போன் காலண்டர்ல குறிச்சு வைங்க. முதல் தேதி தாண்டலைன்னா இன்னைக்கே வங்கிக்கு எழுதுங்க. அது தாண்டிட்டாலும் ரெண்டாவது தேதி வரை நுகர்வோர் ஆணையத்தோட கதவு திறந்துதான் இருக்கு.

இந்த வாரம் கார் பார்க்கப் போற நண்பர் யாராவது இருந்தா, டோக்கன் கொடுக்கிறதுக்கு முன்னாடி இதை அனுப்பிடுங்க.